ஆற்றைப் படமெடுத்தவர்கள்: தாமிரபரணி, பிம்பம், அடையாளம்

மேலைநாட்டுச் சொல்லாடலில் ‘நிறத்தவர் சமூகங்கள்’ என்றொரு பிரயோகம் உண்டு. வெள்ளையரல்லாதார் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும் சொல். திருநெல்வேலியில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் எடுபடாது. அடிப்பவனும் கறுப்பு, அடிபடுகிறவனும் கறுப்பு. இங்கே டீக்கடையில் தோலைப் பார்த்தா தம்ளரைப் பிரித்து வைத்தார்கள்? எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்டுத்தான் வைத்தார்கள். ஆனாலும் அந்தச் சமூகங்களிலிருந்து வந்த குறும்படங்கள் எழுப்பிய கேள்விகள் நமக்கு அந்நியமானவை அல்ல. பிம்பம் யாருடைய உடைமை? ஒடுக்கப்பட்ட உடல் திரையில் வரும்போது அது சாட்சியாக வருகிறதா, காட்சிப்பொருளாக வருகிறதா? முக்கியமாக, படம் யாரைப் பார்த்துப் பேசுகிறது?

நம்மிடம் இதற்கென்று ஒரு பிரதி இருக்கிறது. ஆர்.ஆர். சீனிவாசன் 1999இல் எடுத்த ‘நதியின் மரணம்’. திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்தி, உலக சினிமாவை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர். (புதுமைப்பித்தன் கதையின் பெயரைத் திரைப்பட இயக்கத்துக்கு வைப்பது இந்த ஊர்க்காரர்களுக்கே வரும் குறும்பு.) பெர்க்மனையும் கட்டக்கையும் திரையிடுகிற ஒருவர், தன் ஊர் ஆற்றில் பிணம் மிதந்த நாளுக்குப் பிறகு கேமராவைத் திருப்பிய இடம் இது.

நடந்தது தெரிந்ததுதான். தெரிந்ததே தேய்ந்து போகிறது என்பதால் திரும்பச் சொல்கிறேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். நாளுக்கு 150 ரூபாய். போராடிய அறுநூறுக்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரி 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமியும் வேறு கட்சித் தலைவர்களும் முன்னால் நின்றார்கள். தடியடி நடந்தது. கூட்டத்துக்கு ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் ஆறு. ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது, கேமரா அங்கே இருந்தது என்பது. நீரில் நிற்பவர்கள்மேல் கல் விழுவதையும் லத்தி இறங்குவதையும் நாடு பார்த்தது. பிறகு அமைந்த நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலான மரணங்கள் நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை என்றது. காவல்துறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு வாசிப்புகள். அதிகாரத்தின் வாசிப்பில் ஆறுதான் கொலையாளி. நீச்சல் தெரியாதவன் தண்ணியில இறங்குனா சாகத்தானே செய்வான் என்கிற தர்க்கம். ஏன் இறங்கினான் என்ற கேள்வி பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இடம்பெறாது. சீனிவாசன் படத்தின் அரசியல் தலைப்பிலேயே தொடங்குகிறது. அங்கே சாகிறது நதி. கொலைக்கருவியாக ஆக்கப்பட்ட ஒன்றை, கொல்லப்பட்டவர்களின் பக்கம் நகர்த்தி வைக்கிறது. அரசு எழுதிய வாக்கியத்தின் எழுவாயை மாற்றிப் போடுகிற வேலை இது.

கியூபாவின் சாந்தியாகோ அல்வாரெஸ் 1965இல் ‘நவ்’ என்று சில நிமிடப் படம் ஒன்று செய்தார். அமெரிக்கக் கறுப்பர்கள் அடிபடும் பத்திரிகைப் புகைப்படங்கள், லீனா ஹார்னின் குரல், அவ்வளவுதான் மூலதனம். அடித்தவனின் நாட்டுப் பத்திரிகை எடுத்த படம், வெட்டி ஒட்டப்பட்டதும் அவனுக்கே எதிரான சாட்சியாகிவிடுகிறது. 1986இல் லண்டனின் பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ், ஜான் அகோம்ஃப்ரா இயக்கத்தில் ‘ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ எடுத்தது. 1985 கலவரங்களைப் பற்றியது. கலவரத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்ல மறுத்து, குடியேறி வந்த தலைமுறையின் பழைய சுருள்களுக்குள் போய்விடும் படம். சல்மான் ருஷ்தி, இதில் ஹேண்ட்ஸ்வொர்த் மக்களின் கதை எங்கே என்று கடிந்தார். ஸ்டூவர்ட் ஹால், புதிய மொழி தேடும் முயற்சியை இவர் பார்க்கத் தவறுகிறார் என்று பதில் எழுதினார். நம் சிறுபத்திரிகைகளில் அப்படியொரு சண்டை ‘நதியின் மரண’த்தை முன்வைத்து நடந்திருக்க வேண்டும். கொடுமையைச் சொல்லும் படத்தை விமர்சிப்பதே கொடுமை என்ற கூச்சம் நம்மைத் தடுத்துவிட்டது. ஆதரவு தெரிவித்தோம், படத்தை வாசிக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர் படைப்புக்கு நாம் கொடுக்கும் இந்தச் சலுகை மதிப்பெண்ணும் ஒருவகைத் தனித் தம்ளர்தான்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சில படங்களைப் போட்டுக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். “வருசா வருசம் டிவியில நாங்க அடிபடுததத்தான் போடுதான். நாங்க என்ன கேட்டுப் போனோம்னு ஒருத்தனும் போட மாட்டேங்கான்லா” என்றார். தோழர்கள் யாரிடமும் பதில் இல்லை. 150 ரூபாய் என்ற கோரிக்கைக்கு பிம்பம் கிடையாது, லத்திக்கு உண்டு. கேமரா எதைச் சுலபமாகப் பார்க்குமோ அதுவே வரலாறாகிவிடுகிறது. தொழிலாளி என்ற தன்னிலை அழிந்து ‘பலியானவர்’ என்ற தன்னிலை மட்டும் எஞ்சுகிறது. ஊர்வலமாகப் போனவர்கள் அரசை நோக்கி ஒரு தொகையைச் சொன்னவர்கள். அது எதிர்ப்பு. செத்தது, எதிர்ப்புக்கு அரசு கொடுத்த பதில். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆவணப்படம் தன்னையறியாமல் அரசின் பதிலையே திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறது.

இதற்கு நேரெதிர் நிலை கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31. தேவேந்திரர்கள் மட்டுமே வாழ்ந்த ஊருக்குள் நூற்றுக்கணக்கில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. வெளிநாடு போய்ச் சம்பாதித்து வாங்கிய டிவியும் மின்விசிறியும் உடைந்தன. சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் கிழிக்கப்பட்டன. குறி வைக்கப்பட்டது அந்த மக்களின் நிமிர்வு. அந்த வேளையில் அங்கே கேமரா இல்லை. பிற்பாடு வந்தவர்கள் எடுத்தது உடைந்த ஓடுகளை மட்டும்தான்.

கால் நூற்றாண்டு கழித்து மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) அந்த இல்லாத காட்சியைப் புனைவாக எடுத்தது. ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்று தன் சிறுகதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தவர் அவர். சாகாதவர்களைப் பற்றிப் பேசுவது என்ற அந்த முடிவு ஒரு விமர்சனக் கோட்பாட்டுக்குச் சமம். முன்கால் கட்டப்பட்ட கழுதை, கட்டு அறுந்ததும் மேட்டில் ஏறுவது, நடந்ததைப் பதிவு செய்த பிம்பம் அல்ல. நடக்க வேண்டியிருந்ததைப் பற்றியது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்திலும் தகராறு வந்தது ஆண்டுக் கணக்கில். சம்பவம் 1997இல் நடப்பதாகக் காட்டியது எந்த ஆட்சியின் தலையில் விழும் என்ற வாதம் கிளம்பி, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். 1995இல் அதிமுக, 1999இல் திமுக. ஆட்சி மாறினாலும் காக்கியின் கை ஒன்றுதான் என்பதை இரு கட்சிக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சவத்த விடுங்க.

அடையாளம் என்பதன் இன்னொரு முகத்தையும் பேசியாக வேண்டும். அமுதன் ஆர்.பி.யின் ‘பீ’ (2003) மதுரையில் ஒரு துப்புரவுப் பெண்தொழிலாளியின் பின்னே போகிறது. திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) தமிழகம் முழுக்க மலமள்ளுவோரிடம் போகிறது. இரண்டாவது படத்துக்குக் காவல்துறையின் தடை மட்டும் வரவில்லை. புதிய தமிழகம் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. தங்கள் சாதியை இந்தத் தொழிலோடு சேர்த்து இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு. இயக்குநருக்குத் தொலைபேசியில் ஆபாச மிரட்டல்கள் வந்தன, வழக்குகளும் பாய்ந்தன. 1999இல் ஆற்றங்கரையில் அடிவாங்கிய அதே அரசியல், 2017இல் இன்னொரு எதிர்ப்புப் படத்தை மறித்து நிற்கிறது.

இதைத் துரோகம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு இஷ்டமில்லை. மிரட்டல் மிரட்டல்தான், அதில் சமாதானம் கிடையாது. ஆனால் அதன் அடியிலிருக்கும் கூச்சத்தைக் கேட்க வேண்டும். இழிவைக் காட்டியே உரிமை கேட்பது ஒரு அரசியல். இழிவோடு தன் பெயர் சேரவே கூடாது என்பது இன்னொரு அரசியல். ஏழு உட்பிரிவுகளுக்குத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரை 2021இல் நாடாளுமன்றம் ஏற்றது இரண்டாவதன் வெற்றி. அந்த அரசியலுக்குத் தன் நிழலில் நிற்கும் அருந்ததியரைப் பார்க்கக் கண் இல்லை என்பதுதான் என் சண்டை. தலித் என்ற சொல் தொண்ணூறுகளில் ஒரு கூட்டுக் கனவாக இருந்தது. இப்போது ஒவ்வொரு பிம்பத்தையும் ‘இது எங்க ஆளா, அவங்க ஆளா’ என்று தெருவாரியாகப் பிரித்துப் பார்க்கிறோம்.

‘கக்கூஸ்’ மீது எனக்கும் ஒரு கேள்வி உண்டு, வேறு திசையிலிருந்து. அது பேசுவது மலமள்ளாதவனிடம். அவனைக் குமட்ட வைத்து வெட்கப்பட வைக்கிறது, அது தேவை. ஆனால் கையால் அள்ளுகிறவருக்கு அந்தக் காட்சியில் செய்தி எதுவும் இல்லை. அவர் அந்த நாற்றத்தை வீட்டுக்கே கொண்டு போகிறவர். அவரைப் பார்த்துப் பேசும் குறும்படம் எப்படி இருக்கும்? அதில் என்ன நகைச்சுவை இருக்கும், யார்மீது கோபம் இருக்கும்? 2023இல் பா. ரஞ்சித்தின் முன்கையில் சென்னையில் நடந்த பி.கே. ரோசி திரைப்பட விழா, அப்படியான பார்வையாளர்களை ஓரிடத்தில் கூட்டும் வேலையைத் தொடங்கியது. நெல்லையில் தொடங்க ஆள் இல்லையா?

அவசரம் உண்டு. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 ஆண்டுக்கு எடுத்த மாஞ்சோலைக் குத்தகை 2028இல் முடிகிறது. கம்பெனி 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை மலையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டது. விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். நாலைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் லயன் வீடுகள் காலியாகும்போது கைபேசி எல்லோர் கையிலும் இருந்தது. இந்த முறை மக்களே எடுத்திருக்கிறார்கள், சாமி கும்பிட்டதை, கல்லறைக்குப் போய்வந்ததை, பாத்திரம் கட்டியதை. அது இன்னும் படமாகவில்லை, துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. போன் மாற்றினால் அழியும். தொண்ணூறுகளின் வீடியோ கேசட்டுகளுக்குப் பூஞ்சை பிடித்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்தத் துண்டுகளை யார் சேகரிப்பது, யார் அனுமதியோடு, எந்த வரிசையில் ஒட்டுவது என்பதைப் பேச அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ ஒரு நாள் கூடலாம். அந்தக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் மலையிலிருந்து இறங்கியவர்கள். இயக்குநர்கள் அடுத்த வரிசையில் உட்காரட்டும்.