ஆவணப்படத் துணைத்தலைப்பும் மொழிச் சமனின்மையும்: ‘மஹ்சோமிம்’ படத்தை முன்வைத்து

இஸ்ரேலிய இயக்குநர் யோவாவ் ஷமீர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மஹ்சோமிம்’ என்னும் ஆவணப்படம், மேற்குக் கரையிலும் காசாவிலும் இஸ்ரேலியப் படையினர் அமைத்திருந்த சோதனைச் சாவடிகளைக் களமாகக் கொண்டது. இதில் பின்னணி வருணனை இல்லை. சாவடியில் நிகழும் உரையாடலே படத்தின் பொருளைச் சுமக்கிறது. ஆகவே அரபும் எபிரேயமும் அறியாதவரிடம் இப்படம் சப்டைட்டில் எனப்படும் துணைத்தலைப்பின் வழியாகவே பெரிதும் சென்று சேர்கிறது. அது எதைத் தருகிறது, எதை விடுகிறது என்பது ஆராயத்தக்கது.

படைவீரர் எபிரேயத்தில் பேசுகின்றனர். அரபில் பேசும்போது பெரும்பாலும் ஏவல் தொடர்களோடு நின்றுவிடுகின்றனர். பாலஸ்தீனரோ தம் நோயையும் தொழிலையும் பயணக் காரணத்தையும் பல வேளைகளில் படைவீரரின் மொழியிலேயே விளக்க முயல்கின்றனர். ஏவுவதற்குச் சில சொற்கள் போதும். மன்றாடுவதற்கு ஒரு மொழியே வேண்டும். 1967க்குப் பின் பாலஸ்தீனர் பலர் இஸ்ரேலிய வேலைத்தலங்களிலும் சிறைகளிலும் எபிரேயம் கற்ற வரலாறு இவ்வுரையாடல்களின் பின்னே உள்ளது.

படத்தின் தலைப்பே இதற்குச் சான்றாகும். ‘மஹ்சோம்’ என்பது தடையையும் சோதனைச் சாவடியையும் குறிக்கும் எபிரேயச் சொல். ‘இம்’ பன்மை விகுதி. அரபில் ‘ஹாஜிஸ்’ என்னும் சொல் இருந்தும், பாலஸ்தீனப் பேச்சு வழக்கு எபிரேயச் சொல்லைக் கடன் பெற்று, ‘மஹாசீம்’ என அரபு முறையில் அகப்பன்மையும் ஆக்கிக்கொண்டது. துணைத்தலைப்பில் எல்லாமே ‘சோதனைச் சாவடி’ என்றாகிவிட்டால் இக்கடன்சொல் வரலாறு மறைகிறது. அரபு பேசுவோரின் தடுமாறும் எபிரேயமும் திருந்திய நடையில் பெயர்க்கப்படும்போது, சமமற்ற இருவர் ஒரே மொழியில் சமமாக வாதிடுவது போன்ற தோற்றம் உண்டாகிறது.

தமிழாக்கத்தில் மற்றொரு சிக்கல் எழும். அன்றாட எபிரேயத்தில் முன்னிலை ஒருமைப் பெயர் பால் காட்டும், மரியாதை காட்டாது. தமிழிலோ முதியவரை நோக்கி இளம் படைவீரர் கூறுவது ‘நீ’யா, ‘நீங்க’ளா என முடிவு செய்தாக வேண்டும். எதைத் தேர்ந்தாலும் மூலத்தில் இல்லாத ஒரு பொருள் சேர்கிறது. எல்லாப் படைவீரர்க்கும் ‘நீ’ எனவே எழுதுவது எளிது. ஆயின் அது தீர்ப்பாகுமேயன்றி மொழிபெயர்ப்பாகாது. குரலின் கடுமையையும் தொடரின் அமைப்பையும் இடந்தோறும் நோக்கியே தேர்தல் வேண்டும்.

சிமோன் பிட்டோனின் ‘மதில்’ (2004) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மொரோக்கோவில் பிறந்த யூதரான இவ்வியக்குநர் இரு தரப்பினரோடும் அவரவர் மொழியிலேயே உரையாடுகிறார். பல இடங்களில் பேசுவோரின் முகத்துக்கு மாறாக மதிலே காட்டப்படுவதால், ஒலிக்கும் மொழியே முதன்மையான அடையாளமாகிறது. இஸ்ரேலிய அரசு வழக்கில் ‘கடேர்’ என்பது வேலி. பாலஸ்தீனர் வழக்கில் ‘ஜிதார்’ என்பது சுவர். இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் வழக்கின் மையமே அழிந்துவிடும்.

துணைத்தலைப்பிற்கு இரண்டு வரி இடமே உண்டு, படிக்கும் நேரமும் குறைவு என்னும் மறுப்பு நியாயமானதே. எனினும் எபிரேயத்தைச் சாய்வெழுத்திலும் அரபை நேரெழுத்திலும் தருவதற்குக் கூடுதல் இடம் தேவையில்லை. தடுமாற்றத்தைத் திருத்தாமல் விடுவதற்கும் அவ்வாறே. இப்பூசலைப் பற்றிய ஆவணப்படங்களில் யார் யாருடைய மொழியில் பேச வேண்டியுள்ளது என்பதும் ஆவணமே. மொழிபெயர்ப்பாளர் அதை நீக்க உரிமையற்றவர் எனலாம்.