மீனின் வயிற்றில் இருக்கும் விடை

பிரையன் கிளார்க்கின் 'த பர்சூட் ஆஃப் ஸ்டில்வாட்டர் டிரவுட்' 1975இல் வெளிவந்தது. இங்கிலாந்து ஏரிகளில் டிரவுட் மீன் பிடிப்பது பற்றிய புத்தகம். நான் தூண்டிலைத் தொட்டதே இல்லை. ஆனாலும் போலச்செய்தல் பற்றி இவ்வளவு நேரடியாகப் பேசும் இன்னொரு நூலை நான் வாசித்ததில்லை.

இந்த மீன்பிடிப்பில் புழு கிடையாது. முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சியைப் போலக் கட்டுவார்கள். அதுதான் ஃப்ளை. பெட்டி நிறைய ஃப்ளை இருக்கும். எதைப் போடுவது? மிதக்கும் பூச்சியை அச்சு அசலாகக் கட்டு என்றார் 19ஆம் நூற்றாண்டின் ஹால்ஃபோர்ட். நீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சியையும் பார் என்றார் ஸ்கூஸ், 1910இல். இருவரும் ஆற்றுக்காரர்கள். ஆற்றில் மீன் ஓரிடத்தில் நிற்கும், இரை மிதந்து வரும். ஏரியில் மீன்தான் இரையைத் தேடி அலைகிறது. நீரோட்டத்தின் அவசரம் இல்லாததால் அதற்கு நின்று பார்க்கவும் நேரம் உண்டு.

கிளார்க் கேள்வியையே மாற்றுகிறார். மீன் இப்போது எதைத் தின்கிறது? எந்த ஆழத்தில்? அந்த இரை எப்படி நகர்கிறது? கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் கூட்டுப்புழு ஏரியின் அடியிலிருந்து மெல்ல மேலேறும். அதைப் போலக் கட்டிய ஃப்ளையை வெடுக்கென்று இழுத்தால் உருவம் சரி, நடத்தை பொய். வட்டார வழக்கை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியும் யாரும் பேசுவதாகவே தோன்றாத உரையாடல்களை நாம் வாசித்திருக்கிறோம் இல்லையா, அதே கோளாறுதான்.

எனக்கு இடறும் இடமும் இங்கேதான். மீன் என்ன தின்றது என்று உறுதியாகத் தெரிய, பிடித்த மீனைக் கொன்று, ஒடுங்கிய நீளக் கரண்டியை வயிற்றுக்குள் விட்டு எடுக்கிறார்கள். சர்வர் விழுந்தபின் நாங்கள் லாகைத் திறப்பது மாதிரி. சரி, அப்போ முதல் மீனை எதை வைத்துப் பிடிப்பது? ஊகத்தை வைத்துத்தான். அதைவிட முக்கியம், முன்பு என்ன தின்றது என்பதைத்தான் கரண்டி சொல்கிறது. என் ஃப்ளையை ஏன் கவ்வியது என்று சொல்வதில்லை. புட்சர் என்றொரு பழைய ஃப்ளை: வெள்ளி இழை உடல், சிவப்பு வால், கருநீலச் சிறகு. எந்தப் பூச்சியும் அப்படி இருக்காது. அதற்கும் மீன் விழுகிறது. பசியா, கோபமா, வெறும் ஆர்வமா? காரணம் வயிற்றில் கிடைக்காது.

இது எனக்கும் உறைக்கிறது. ஒரு கதை பிடித்துப்போனால் அதைக் கிழித்துப் பார்த்து, உள்ளே கிடைத்ததையெல்லாம் பிடித்ததற்கான காரணம் என்று எழுதிவிடுகிறேன். என் கட்டுரைகள் பலவும் அப்படி எழுதப்பட்டவை. கரண்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் நல்ல புத்தகம் இது. ஆனால் வாசிக்கும்போது புட்சரையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.