மேடையிற் கொலையும் காண்போர் கண்ணீரும்

துன்பியல் நாடகத்தைப் படித்தல் வேறு; அரங்கிற் காண்டல் வேறு. ஏட்டிலே கொலை நிகழுங்கால் படிப்பவர் நூலை மூடிவைத்தல் கூடும். அரங்கின் முன் இருப்பவர்க்கோ அவ்வழி இல்லை. உயிருள்ள மனிதன் ஒருவன் அவர் கண்ணெதிரே வீழ்கின்றான். ஆதலின், கொலையை எவ்வளவு காட்டலாம் என்னும் வினா நாடகம் வளர்ந்த நாடுகள் பலவற்றிலும் எழுந்தது.

கிரேக்கர் பெரும்பாலும் மறைத்தனர். யூரிப்பிடீசின் 'மீடியா' நாடகத்திலே (கி. மு. 431) பிள்ளைகள் மனையினுள்ளே கொல்லப்படுகின்றனர், அவையோர் கேட்பது அவர்தம் கூக்குரலையே. பரதரின் நாட்டிய சாத்திரமும் போரையும் மரணத்தையும் நேரே காட்டாது பிறர் கூற்றால் அறிவிக்க விதித்தது. எனினும், பாசன் இயற்றியதெனப்படும் 'ஊருபங்க'த்தில் தொடை முறிந்த துரியோதனன் மேடையிலேயே உயிர் துறக்கின்றான். ஷேக்ஸ்பியரோ 'லியர் அரச'னில் குளொஸ்ரர் பிரபுவின் கண்களை அவையோர் காணவே பறிப்பித்தார்.

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளை அளவுகோலாகக் கொண்டு ஆராயலாம். துன்பியல் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்புவதென்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. அவை எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகை, அச்சம் என்பவற்றோடு ஒருவாறு ஒப்பன. குருதி அளவு கடந்து பெருகின், அழுகை நின்ற இடத்தில் இளிவரல் புகும். அது சாயமெனத் தெரிந்துவிடின் நகை புகும். அந்நொடியே துன்பியல் அழிந்தது.

ஈழத்துக் கூத்து இவ்விடர்ப்பாட்டை வேறொரு வழியால் வென்றது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்த, பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஆடிய 'இராவணேசன்' இதற்குத் தக்க சான்றாகும். அதனை எழுதி இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பில் அதனை மீண்டும் அரங்கேற்றினார். வடமோடி ஆட்ட மரபிலே போர் ஆட்டமாகின்றது. மத்தளம் முழங்க, வீரர் சுழன்று மோதுகின்றனர், குருதி சிந்துவதில்லை. ஆயினும், தாளம் விரைந்து திடீரென அடங்குமிடத்து அவையும் மூச்சடங்குகின்றது. கொலை மறைக்கப்படவுமில்லை, பச்சையாகக் காட்டப்படவுமில்லை.

கம்பனும் இந்நெறியை அறிந்தவன். இந்திரசித்தின் தலை அறுபட்டதை அவன் பாடினான். எனினும், நெஞ்சைப் பிளப்பது தலையற்ற மகனுடலைக் களத்திலே தேடியெடுத்த தந்தையின் அழுகையும் மண்டோதரியின் புலம்பலுமே. மாண்டவன் வலி நொடியில் முடியும். எஞ்சியவர் வலியே நாடகத்தைத் தாங்குவது.

இவ்வுண்மை நம் நாட்டிற்குப் பெரிதும் உரியது. 2009இல் முடிவுற்ற போரிலே வடக்கு, கிழக்கு மக்கள் மெய்யான குருதியைக் கண்டவர்கள். அவர்க்குச் செஞ்சாயம் புதிதாக எதனைக் கற்பிக்கும்? தம் வீட்டு முற்றத்தில் அழுது முடியாத அழுகையை மண்டோதரியோடு சேர்ந்து, அயலவர் நடுவே இருந்து அழ இடந்தருவதே அரங்கு அவர்க்குச் செய்யத்தக்க உதவி.

கல்லூரி மேடைகளில் துன்பியல் நாடகங்களை ஆட முற்படும் மாணவர் இதனை உளங்கொள்வாராக. வாளைக் கூர்மையாக்குதல் எளிது. வாள் வீழ்ந்த பின் நிலவும் அமைதியை உருவாக்குதலே அரிது. அவ்வமைதி அமைந்த நாடகம், திரை வீழ்ந்த பின்னும் காண்போர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.