சொந்தச் செலவில் ஒரு துப்பறியும் புதினம்

பதிப்பாளர் ஒருவர் ஏற்று வெளியிட்ட நூலே மதிப்புடையது, ஆசிரியர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அச்சிட்ட நூல் அத்துணைச் சிறப்புடையதன்று என்னும் எண்ணம் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அந்நூல் துப்பறியும் கதையாகவும் அமைந்துவிட்டால், புரட்டிப் பாராமலே அதனை ஒதுக்கி வைப்போர் பலர். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும்? ஆங்கிலத் துப்பறியும் இலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்ற ஒரு நூலையும், அதனை எழுதியவரின் வாழ்வையும் ஆராய்ந்தால் இவ்வினாவுக்கு ஓரளவு விடை கிட்டும்.

ஃபெர்கஸ் ஹியூம் 1859ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர், நியூசிலாந்தின் டனீடன் நகரில் வளர்ந்தவர், சட்டம் பயின்றவர். 1885இல் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகருக்கு வந்து, வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகப் பணியாற்றினார். நாடக ஆசிரியராக வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். ஆனால், அந்நகரின் நாடக அரங்கினர் அவருடைய நாடகங்களைப் படித்துப் பார்க்கவும் இசையவில்லை. நூல் ஒன்று வெளியிட்டுப் பெயர் பெற்றால் அரங்கின் கதவு திறக்கும் என்று கருதினார். நகரத்துப் புத்தக வணிகர் ஒருவரை அணுகி, எவ்வகை நூல்கள் மிகுதியாக விற்கின்றன என்று கேட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் காபோரியோவின் துப்பறியும் கதைகளே என்பது மறுமொழி. அவற்றை வாங்கிப் படித்து, அவ்வழியில் தாமும் ஒன்று எழுதினார். அதுவே 'ஒரு ஹான்சம் வண்டியின் மர்மம்' என்னும் புதினம். இச்செய்திகளை ஹியூமே பிற்காலத்து முன்னுரை ஒன்றில் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார்.

கையெழுத்துப் படியைப் பதிப்பாளர் எவரும் ஏற்கவில்லை. குடியேற்ற நாட்டில் வாழும் ஒருவன் படிக்கத்தக்கதாக எதையும் எழுதிவிட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். எனவே 1886இல் ஹியூம் தம் செலவிலேயே அச்சிட்டார். ஐயாயிரம் படிகளும் மூன்றே வாரங்களில் தீர்ந்தன என்று அவர் எழுதுகிறார்.

இனி நூலுக்குள் நுழைவோம். ஹான்சம் என்பது இரு சக்கரங்கள் கொண்ட வாடகைக் குதிரை வண்டி. வண்டிக்காரரின் இருக்கை பின்புறத்தே உயரத்தில் இருக்கும். ஆதலின் உள்ளே நிகழ்வதை அவர் எளிதில் காண இயலாது. நள்ளிரவுக்குப் பின் மதுமயக்கத்தில் இருக்கும் ஒருவரை மற்றொருவர் வண்டியில் ஏற்றித் தாமும் ஏறுகிறார், இடைவழியில் இறங்கிவிடுகிறார். வண்டி செயின்ட் கில்டா என்னும் பகுதியை அடையும்போது, எஞ்சியவர் குளோரோபார்ம் தோய்ந்த கைக்குட்டை முகத்தில் கட்டப்பட்டு இறந்து கிடக்கிறார். இந்நிகழ்ச்சியை ஆசிரியர் தம் கூற்றாகத் தொடங்காமல், செய்தித்தாள் அறிக்கையாகத் தொடங்குகிறார். நகரத்து மக்கள் காலையில் செய்தி படிப்பதுபோலவே நாமும் கதையைப் படிக்கத் தொடங்குகிறோம். புதிய எழுத்தாளரின் கைக்கு இது வியக்கத்தக்க தேர்ச்சி எனலாம்.

எனினும் இந்நூலின் உண்மையான வலிமை கொலையில் இல்லை. மெல்பேர்ன் நகரில் உள்ளது. தங்கச் சுரங்கங்களால் செழித்த அந்நகரின் செல்வர் உலாவும் காலின்ஸ் தெருவையும், வறியோர் நெருங்கி வாழும் லிட்டில் பர்க் தெருவின் சந்துகளையும் ஒரே கதையில் இணைத்துக் காட்டுகிறார் ஹியூம். குற்றம் சாட்டப்பட்ட பிரையன் பிட்ஸ்ஜெரால்டு, கொலை நிகழ்ந்த வேளையில் தான் எங்கிருந்தான் என்பதைச் சொல்ல மறுக்கிறான். சொன்னால் தான் தப்பலாம். ஆனால் தான் மணக்கவிருக்கும் பெண்ணின் பிறப்பைப் பற்றிய மறைபொருள் வெளியாகிவிடும். பெருஞ்செல்வர் ஒருவரின் மாளிகைக்கும் அச்சந்துகளுக்கும் இடையே குருதித் தொடர்பு உண்டு என்பதே அம்மறைபொருள். இவ்வாறு, யார் கொன்றார் என்னும் வினா, நகரம் எதன்மேல் எழுந்து நிற்கிறது என்னும் வினாவாக வளர்கிறது.

இலண்டன் பதிப்பாளர் ஒருவர் இந்நூலை முதலிலேயே ஏற்றிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? கதையை இலண்டனுக்கு மாற்றுமாறு கேட்டிருக்கக் கூடும். கேட்க ஒருவரும் இல்லாமையால்தான் மெல்பேர்ன் மெல்பேர்னாகவே நூலில் நிலைத்தது. சொந்தச் செலவு தந்த உரிமை இது.

குறைகளையும் கூறாமல் விடுவது திறனாய்வன்று. தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. நடுப்பகுதியில் உரையாடல்கள் கதையைத் தேங்கச் செய்கின்றன. கார்பி, கில்சிப் என்னும் இரு துப்பறிவாளரும் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அழுக்காறே தம் இயல்பாக நிற்கின்றனர். நினைவில் தங்கும் ஆளுமை அவர்களுக்கு இல்லை. கண்ணும் கருத்துமாகப் படித்து, இதை வெட்டுக, இதை விரித்தெழுதுக என்று சொல்லும் ஒருவர் இருந்திருப்பின் இவை நீங்கியிருக்கும். தன் செலவில் வெளியிடுவோர்க்கு இல்லாதது பதிப்பாளரின் பணம் மட்டுமன்று. முதல் வாசகரின் கண்டிப்பும்தான்.

இனி இவ்வரலாற்றின் துயரப் பகுதி. நூல் நன்கு விற்பதைக் கண்ட சிலர் அதன் உரிமையைக் கேட்டனர். ஹியூம் ஐம்பது பவுனுக்கு விற்றுவிட்டார். வாங்கியோர் இந்நூலுக்காகவே ஒரு நிறுவனம் அமைத்து, 1887இல் இலண்டனில் வெளியிட்டனர். சில மாதங்களில் மூன்று இலட்சம் படிகளுக்கு மேல் விற்றன என்பர். ஆசிரியர்க்கு அதில் ஒரு காசும் சேரவில்லை.

அதே 1887இல்தான் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய புதினமும் வெளிவந்தது. அதன் உரிமையை ஆர்தர் கோனன் டாயில் இருபத்தைந்து பவுனுக்கு விற்றிருந்தார். விலையில் ஹியூமே மேல். ஆனால் டாயில் விற்றது ஒரு நூலை. ஹோம்ஸ் என்னும் மாந்தன் அவரிடமே இருந்தான். அடுத்தடுத்த கதைகளுக்கு அவர் தம் விலையைத் தாமே கூற முடிந்தது. ஹியூமின் நூலிலோ, மீண்டும் அழைத்து வரத்தக்க மாந்தர் எவருமிலர். அதன் செல்வம் தலைப்பும் நகரமுமே. தலைப்பை விற்றார், நகரத்தை விட்டு 1888இல் இங்கிலாந்து சென்றார். 1932இல் மறையும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதிக் குவித்தார். இவற்றுட் பெரும்பாலானவை இங்கிலாந்தைக் களமாகக் கொண்டவை. பதிப்பாளர் கேட்டபடி எழுதப்பட்டவை. இன்று அவற்றைப் படிப்பார் அரியர். எவரும் வேண்டாம் என்ற அந்த முதல் நூலே அவரை வாழ்விக்கிறது.

ஹியூமின் நூலுக்கு ஓராண்டு முன்னதாக, 1885இல், நம் மொழியில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு ஒப்பிட்டு நோக்கல் தகும். இலங்கையின் கண்டி நகரைச் சேர்ந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெவ்வை, தாம் நடத்திய 'முஸ்லிம் நேசன்' ஏட்டின் அச்சுக்கூடத்திலேயே 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். அதுவும் பிறப்பின் மறைபொருளைக் கருவாகக் கொண்ட வீரசாகசக் கதையே. கெய்ரோவில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட ஒருவனின் வாழ்வு பம்பாய், கல்கத்தா என்று விரிந்து செல்கிறது. தமிழ்ப் புதினம் தோன்றிய தொடக்க ஆண்டுகளிலேயே கதைக்களத்தை எகிப்துவரை கொண்டு செல்லும் துணிவு அவர்க்கு எங்ஙனம் வந்தது? அச்சு தம் கையில் இருந்தது. பிழைப்புக்கு வேறு தொழில் இருந்தது. ஹியூமுக்கு இல்லாத பேறு இவ்விரண்டாவது பேறேயாகும்.

இன்று அச்சுக்கூடமின்றியே எவரும் தம் கதையை மின்னூலாக வெளியிடலாம். துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்பப் புதினம் எழுதுவோர் பலர் இவ்வழியில் வாசகரைத் தேடிச் செல்கின்றனர். அவர்களுக்கு இவ்வரலாறு சொல்வன இரண்டு. அச்சேறுமுன், அஞ்சாமல் குறை கூறும் ஒருவரிடம் எழுத்தைக் கொடுங்கள். அச்சேறியபின், உரிமையை எளிதில் கொடாதீர்கள்.

திறனாய்வாளர்க்கும் ஒரு கடமை உண்டு. ஹியூமின் முதற்பதிப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க படிகளே இன்று எஞ்சியுள்ளன. ஐயாயிரம் வீடுகளுக்குச் சென்ற நூல், பேணத்தக்கது என்று எவரும் கருதாமையால் குப்பையோடு போயிற்று. தாமே வெளியிடும் எழுத்தாளர் மறைந்தால் அவருடைய பதிப்பகமும் உடன் மறைகிறது, மறுபதிப்புக்கு ஆளில்லை. அந்நூல்களுள் நல்லவற்றை அவர் வாழும் நாளிலேயே தேடிப் படித்து, பெயர் சுட்டி எழுதி வைப்பதைத் தவிர அவற்றைக் காக்க வேறு வழியில்லை. அட்டையில் யார் பெயர் அச்சிடப்பட்டுள்ளது என்று பார்க்கும் கண், முதற்பக்கத்தையும் சற்றுப் பார்க்கட்டும்.