பாட்டுக்குக் கிடைத்த உதை
போத்தேரி குஞ்ஞம்புவின் ‘சரஸ்வதீவிஜயம்’ - ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்போம். சூரியன் படுகின்ற கரை அது. அக்கரையிலே கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்து கிடக்கும் வயல்வெளிகளில் இராக்காவல் இருந்தவர்கள் பாடிய கவிகளை நம்மிலே கேளாதார் இல்லை. பரணில் ஒருவன் அடியெடுப்பான். அடுத்த வட்டையிலிருந்து இன்னொருவன் விடை பாடுவான். யானை வராதிருக்கவும், உறக்கம் வராதிருக்கவும், மனத்திலே உள்ளது வாய்வழி வெளிவரவும் பாட்டு உதவிற்று. வயலிலே பாடுதல் ஒரு குற்றமாகும் என்று எவரேனும் சொன்னால் நாம் நகைப்போம்.

ஆனால், வயலிலே பாடியதற்காக ஒருவன் உதைத்து வீழ்த்தப்பட்ட கதையைச் சொல்லும் நாவல் ஒன்று உண்டு. மலையாள மொழியில் 1892ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சரஸ்வதீவிஜயம்’ என்பதே அந்நாவல். எழுதியவர் வடமலபாரின் கண்ணூரைச் சேர்ந்த வழக்கறிஞர் போத்தேரி குஞ்ஞம்பு (1857-1919). தீயர் குலத்திற் பிறந்து, தமக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த புலையர்களின் கல்விக்காக உழைத்தவர். மேலே இருப்பவனைப் பார்த்துப் பொருமுகின்றவர்கள் எக்காலத்திலும் பலர் இருந்திருக்கிறார்கள். தமக்குக் கீழே கிடப்பவனைத் திரும்பிப் பார்த்தவர்கள் அன்றும் சிலரே, இன்றும் சிலரே. குஞ்ஞம்புவை நாம் மதிப்பதற்கு இதுவே முதற் காரணம்.

கதை சிக்கலற்றது. குபேரன் நம்பூதிரி பெரும் நிலக்கிழார். வேதம் ஓதும் குலத்தவர். அவர் தம் காரியஸ்தனோடு வயல்வழி வருகையில் பாட்டொன்று காதில் விழுகிறது. பாடியவன் மரத்தன் என்னும் புலையன் என்று தெரிந்தவுடன் அதே பாட்டு குற்றமாகிவிடுகிறது. காரியஸ்தனின் உதை விழுகிறது. மரத்தன் இறந்தானென்றே எல்லோரும் நம்புகின்றனர். கொலைவழக்கு வருமென்று அஞ்சிய குபேரன் ஊரைவிட்டு ஓடிக் காசியை அடைகிறார். இதற்கிடையில் அவருடைய மகள் சுபத்திரை மீது கற்புக் குற்றம் சாட்டப்பட்டுச் சாதியிலிருந்து விலக்கப்படுகிறாள். அவளும் அவள் பிள்ளைகளும் கிறிஸ்தவர்களிடையே அடைக்கலம் பெறுகின்றனர். மரத்தனோ சாகவில்லை. மிஷன் பள்ளியிலே படித்து, யேசுதாசன் என்ற பெயரோடு நீதிபதியாக உயர்கிறான். இறுதியில் மரத்தனைக் கொன்ற வழக்கில் குபேரன் குற்றவாளிக் கூண்டில் நிற்க, தீர்ப்பளிக்க அமர்ந்திருப்பவன் அந்த மரத்தனே என்பது வெளியாகிறது. சுபத்திரையின் மகள் சரஸ்வதியை யேசுதாசன் மணக்கிறான். கல்வித் தெய்வத்தின் பெயரும் கதைப் பெண்ணின் பெயரும் ஒன்றாக நிற்கும் தலைப்பின் பொருள் அங்கே விளங்குகிறது.

நாடகக் கொட்டகையிற் காணும் திருப்பங்கள்தாமே இவை என்று கலைத்தூய்மை பேசுவோர் உதட்டைப் பிதுக்கக்கூடும். உண்மைதான். செத்தவன் நீதிபதியாக வந்து நிற்பது நம்பத்தக்க நிகழ்ச்சியன்று. ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாகியும் இந்நாவலை நாம் எடுத்துப் பார்ப்பது திருப்பங்களுக்காக அன்று. அதற்குள்ளே இருக்கும் ஒரு சமுதாயக் கண்டுபிடிப்புக்காகவே.

அக்கண்டுபிடிப்பு யாது? வயலிலே உதைபட்ட புலையனையும், அடுக்களையிலிருந்து துரத்தப்பட்ட நம்பூதிரிப் பெண்ணையும் ஒரே அதிகாரத்தின் இரு பலிகளாக ஆசிரியர் கண்டிருக்கிறார். ஒருவன் சாதியின் அடிமட்டத்தில் இருப்பவன். மற்றவள் அதன் உச்சியிற் பிறந்தவள். ஒருவரையொருவர் கண்ணாற் காண்பதே தீட்டு என்று விதிக்கப்பட்டவர்கள். எனினும் இருவரையும் வீழ்த்திய கை ஒன்றே. அது நிலத்தையும் வைத்திருந்த கை; சாத்திரத்தையும் வைத்திருந்த கை.

நம்பூதிரி குலத்தில் ஒரு பெண்மீது ஐயம் எழுமானால் ‘ஸ்மார்த்த விசாரம்’ என்னும் விசாரணை நடைபெறும். முதலில் அவளுடைய பணிப்பெண்ணை விசாரிப்பர். பின்பு அவளை ‘அஞ்சாம்புரை’ என்னும் தனிக் கொட்டிலில் அடைப்பர். அக்கணமே அவள் பெயரை இழந்து ‘சாதனம்’ ஆகிவிடுவாள். சாதனம் என்றால் பொருள், சடப்பொருள். ஸ்மார்த்தன் எனப்படும் சாத்திர வல்லான் நாட்கணக்காக, சில வேளைகளில் மாதக்கணக்காக, அவளைக் கேள்வி கேட்பான். குற்றம் தீர்ந்ததென்று கூறப்பட்டால் உயிரோடு இருக்கும் அவளுக்கு உறவினர் ஈமச்சடங்கு செய்து, விருந்துண்டு கலைவர். வழக்காளியும் அவர்களே, சட்டமும் அவர்களே, தீர்ப்பும் அவர்களே. 1905ஆம் ஆண்டில் குறியேடத்துத் தாத்திரி என்ற பெண், தன்மீது நடந்த விசாரணையிலே அறுபதுக்கும் மேற்பட்ட ஆடவரின் பெயர்களைச் சொல்லி அந்நாட்டையே அதிரவைத்தாள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, சுபத்திரையின் கதை மூலம் அந்த விசாரணை மன்றத்தையே குஞ்ஞம்பு விசாரணைக்கு இழுத்துவிட்டார்.

இதற்கு மூன்றாண்டு முன்னர், 1889இல், சந்து மேனனின் ‘இந்துலேகா’ வெளிவந்திருந்தது. அங்கேயும் ஒரு நம்பூதிரி வருகிறார், கோமாளியாக வருகிறார், வாசகர் சிரிக்கின்றனர். நாயர் குடும்பத்துப் படித்த இளைஞரின் பார்வையில் நம்பூதிரி ஒரு காலங்கடந்த தொல்லை மட்டுமே. புலையனின் பார்வைக்கு அவர் சிரிப்புக்குரியவரல்லர். ‘இந்துலேகா’ நம்பூதிரியை நகைப்புக்கு உள்ளாக்கிற்று. ‘சரஸ்வதீவிஜயம்’ அவரைக் கூண்டில் ஏற்றிற்று. இரண்டு நாவல்களுக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு வர்க்கங்களுக்கு இடையிலுள்ள தூரமாகும்.

உலக இலக்கியத்திலே இதனோடு ஒருங்கு வைத்துப் பார்க்க வேண்டிய படைப்பு ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் ஹொசே ரிசால் ஸ்பானிய மொழியில் எழுதி, 1887இல் பெர்லின் நகரிலே அச்சிட்ட ‘நோலி மெ தாங்கெரே’ என்னும் நாவலே அது. ஸ்பானியத் துறவிகள் அந்நாட்டில் பெருநிலங்களுக்கு உடையவர்களாகவும் ஊராட்சியை உருட்டுபவர்களாகவும் இருந்த நிலையை அது திரை கிழித்துக் காட்டிற்று. கதாநாயகன் இபார்ராவின் தந்தை இறந்தபின் பங்குக் குருவின் ஆணையால் அவருடைய சடலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு ஏரியிலே எறியப்படுகிறது. அங்கே இறந்தவனுக்குக் கல்லறை மறுக்கப்பட்டது. இங்கே உயிரோடிருப்பவளுக்கு ஈமச்சடங்கு செய்யப்பட்டது. சாவின் வாசலையும் வாழ்வின் வாசலையும் ஒருங்கே காவல் செய்வோம் என்பதுதானே எல்லா நாட்டுப் புரோகித ஆட்சியின் உள்ளக்கிடக்கை!

இன்னுமோர் ஒற்றுமை. இபார்ரா தன் ஊரிலே ஒரு பள்ளிக்கூடம் கட்ட முயல்கிறான். அடிக்கல் நாட்டும் விழாவிலேயே அவன் உயிருக்கு உலை வைக்கப்படுகிறது. மரத்தனை உயர்த்தியதும் ஒரு பள்ளிக்கூடமே. ஆளுங்குருமார் அஞ்சியது வாளுக்கு அன்று. எழுத்துக்கே என்பதை இரு ஆசிரியரும், ஒருவரையொருவர் அறியாமலே, கண்டு கூறியிருக்கின்றனர்.

ஆயினும் ஒரு பெரும் வேற்றுமையை நாம் மறைத்தலாகாது. ரிசாலின் நாட்டில் குருவும் அந்நிய ஆட்சியாளனும் ஒரே படகில் வந்தவர்கள். ஆகவே அங்கே குருவை எதிர்ப்பது நாட்டு விடுதலையோடு ஒன்றாயிற்று. ரிசால் 1896 டிசம்பர் 30ஆம் நாள் மணிலாவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். குஞ்ஞம்புவின் நாட்டில் குரு உள்நாட்டவன். அந்நியனோ பள்ளிக்கூடத்தையும் நீதிமன்றத்தையும் கொண்டு வந்தவனாகத் தோன்றினான். ஆகவே இந்நாவலின் விடுதலை ஆங்கிலச் சட்டத்தின் நிழலில் நிகழ்கிறது. இதனைச் சுட்டிக்காட்டி, ‘இது ஏகாதிபத்தியத்தின் புகழ்மாலை, மிஷனரியின் பிரசுரம்’ என்று தள்ளிவிடுவோர் உளர்.

அக்குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையை முழுவதும் ஆராய்தல் நம் கடன்.

குபேரன் நம்பூதிரிக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்து மட்டும் வரவில்லை. மலபாரைக் கைப்பற்றிய கும்பினியார், நிலத்தின்மேல் பலருக்கும் இருந்த பலவகை உரிமைகளைப் புறக்கணித்து, ஜன்மியை நிலத்தின் முழு உடைமையாளனாக ஏற்றுக்கொண்டனர். குத்தகையாளனை வெளியேற்றும் வல்லமையை ஆங்கில நீதிமன்றமே ஜன்மிக்கு வழங்கிற்று. 1881இல் விசாரணைக்கென நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன் என்ற அதிகாரியே இத்தவற்றைத் தம் அறிக்கையிலே எடுத்துரைக்க நேர்ந்தது. 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்றத்தின் ஆதரவை நீக்கியது மெய்யே. ஆனால் நிலமற்ற புலையன் அதே வயலில், அதே ஜன்மியின் கீழ்தான் மறுநாளும் நின்றான். ஆக, யேசுதாசன் எந்த மன்றத்தில் அமர்ந்து நீதி வழங்கினானோ, அந்த மன்றமே குபேரனின் நிலத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. இந்த முரண்பாட்டைக் குஞ்ஞம்பு காணவில்லை. அவருடைய நாவலின் பெருங்குறை இதுவேயாகும்.

அன்றியும், மரத்தன் ஒருவன் உயர்ந்தான். அவனோடு சேற்றிலே நின்ற ஏனையோர் என்னவாயினர்? நாவல் அவர்களைப் பற்றி வாய்திறப்பதில்லை. தனிமனிதனின் ஏற்றத்தால் சமுதாயத்தின் ஏற்றம் ஆகிவிடாது என்ற பாடத்தைக் கேரள நாட்டுக்குக் கற்பித்தவர் ஐயன்காளி ஆவார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் வயல்களிலே வேலைநிறுத்தம் செய்வித்தார். பள்ளிக்கூடக் கதவை நீதிபதியின் கருணையன்று, உழைப்பவரின் ஒற்றுமையே திறந்தது. குஞ்ஞம்பு நிறுத்திய இடத்திலிருந்து வரலாறு மேலே நடந்தது.

எனினும் மற்றப் பாதியையும் சொல்லியாக வேண்டும். மிஷன் பள்ளியை ஏகாதிபத்தியக் கருவி என்று எளிதிற் கூறுபவர் யார்? பெரும்பாலும், போவதற்கு வேறு பள்ளிக்கூடம் இருந்தவர்களே. மூழ்கிக்கொண்டிருப்பவன் தன்னை நோக்கி நீளும் துடுப்பு எவனுடைய படகினது என்று கேட்டுக்கொண்டிரான். துடுப்பை நீட்டியவனின் நோக்கத்தை ஆராயும் நாம், கரையிலே நின்ற நம்மவர் ஏன் ஒரு துடுப்பையும் நீட்டவில்லை என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். இந்நாவல் அக்கேள்வியை நம் முகத்துக்கு நேரே கேட்கிறது. அதனாலேயே அது உயிரோடிருக்கிறது.

‘இது மலையாளத்துக் கதை, நமக்கு என்ன?’ என்று எண்ணுவோர் இருக்கலாம். மலையாள நாட்டுக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. தாய்வழிக் குடிமுறையும் முற்குகர் மரபும் இவ்வுறவைப் பேசுகின்றன. நம்மிடம் நம்பூதிரி இல்லை. ஸ்மார்த்த விசாரமும் இல்லை. ஆனால் போடியார் இருந்தார். அவர் வயலிலே முல்லைக்காரன் இருந்தான். குடிகளின் வரிசைப்படி கோயிலில் முன்னீடு பெறுவோர் இருந்தனர். முன்னீட்டுக்கே உரியரல்லாது ஊழியத்துக்கு மட்டும் உரியரானோரும் இருந்தனர். பறை முழங்காமல் திருவிழா நடவாது. பறையை முழக்கியவன் எங்கே நின்றான் என்பதை முதியோரைக் கேட்டு அறிக.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலைப் பற்றி நாம் வழிவழியாகச் சொல்லி மகிழும் ஐதிகம் ஒன்று உண்டு. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தலைவன் முன்னே கல் நந்தி எழுந்து புல்லுண்டு சாணமிட்டதாம். பறங்கி அஞ்சி அகன்றானாம். அந்நியனின் மதவெறிக்குப் பணியாத மக்களின் நெஞ்சுரம் அந்தக் கதையில் உறைந்திருக்கிறது. ரிசாலின் நாட்டவர் கேட்டால் அதனை உடனே விளங்கிக்கொள்வர். ஆனால் குஞ்ஞம்பு கேட்டிருந்தால் இன்னொரு வினாவையும் எழுப்பியிருப்பார்: வெளியே நின்ற பறங்கிக்கு முன் எழுந்த நந்தி, உள்ளே வரமுடியாமல் நின்ற தமிழனுக்காக எந்த ஊரிலேனும் எழுந்ததுண்டா?

இலங்கையில் 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பதினோராண்டு கழித்தும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே மக்கள் அறப்போர் புரிய வேண்டியிருந்தது. சட்டம் எழுதப்பட்டுவிட்டதனாலேயே கதவு திறந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அப்போராட்டங்களின் வெம்மையில்தான் டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்கள் பிறந்தன. வடக்கிலே எழுந்த அந்த இலக்கியத்துக்கு நிகராகப் படுவான்கரையின் வயலிலிருந்தும் கோயில் வீதியிலிருந்தும் முழுமையான நாவல் வரவேண்டிய காலம் இது. போர் நம் ஊர்களைச் சிதைத்தது. எல்லோரையும் ஒரே அகதிமுகாமில் படுக்கவைத்தது. ஆயினும் முகாமிலிருந்து மீண்டவர்கள், வீட்டைக் கட்டுமுன்னரே பழைய வேலியைக் கட்டிக்கொண்டதையும் கண்டோம். 2014இல் மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது. எழுவான்கரையும் படுவான்கரையும் இணைந்தன. மனிதருக்கிடையே உள்ள துறைகளுக்கு இன்னும் பாலம் இடப்படவில்லை.

‘சரஸ்வதீவிஜயம்’ குறையற்ற கலைப்படைப்பு என்று நாம் கூறவில்லை. அதன் தீர்வு அதன் காலத்தின் எல்லைக்கு உட்பட்டது. அதன் வினாவோ காலங்கடந்தது. அக்கதையில் நீதி பெறுவதற்கு மரத்தன் முதலிற் சாக வேண்டியிருந்தது, பெயரை மாற்ற வேண்டியிருந்தது, நீதிபதியாக வேண்டியிருந்தது. இத்தனையும் ஆன பின்னரே அவன் மனிதன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டான். குஞ்ஞம்பு இதனை வெற்றி என்றார். நாம் இதனை வெற்றியின் முதற்படி என்போம். வயலிலே நிற்பவன் வயலிலேயே நின்றுகொண்டு, தன் சொந்தப் பெயரோடு, தன் பாட்டைப் பாட வேண்டும். வழியிலே வருகின்ற எவரும் நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். பாடுவதற்காக ஒருவன் நீதிபதியாக வேண்டியிராத நாளே கல்வியின் முழு வெற்றி. அந்நாளை நோக்கி எழுதுவதே நம் எழுத்தாளர் கடன்.