பத்து என்றால் கல்

"அது கம்பார்ல வர்ற 'க' இல்லடா. கோப்பெங். தொண்டை அதிரணும்."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோன பிறகு ஈப்போவில் எங்களோடுதான் இருக்கிறார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்துக்கே பேப்பர் படித்துக் காட்டியவர். வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்துவிட்டு வாசல் பலகையில் தமிழ் நேசனோடு உட்கார்ந்தார் என்றால், எழுத்தறியாத பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்களாம். கூலி ஒரு கிளாஸ் காப்பி. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது. அதை வாசித்துப் பழகிய காது மட்டும் இன்னும் தீட்டினாற்போல இருக்கிறது. என் வாசிப்பில் ஒரு பிசிறும் அதற்குத் தப்புவதில்லை.

அந்தத் திருத்தங்களில்தான் இது ஒரு கலை என்று எனக்குப் பிடிபட்டது. வானொலிச் செய்தி வேறு. மின்னல் எஃப்.எம்.மில் வருவது காதுக்கென்றே எழுதியது. பேப்பரோ கண்ணுக்கென்று அச்சடித்தது. தலைப்பின் பருமன், கட்டம் கட்டிய செய்தி, படத்தின் கீழே ஒரு வரி, மேற்கோள் குறி, அடைப்புக்குறி, இவை எதற்கும் ஓசை கிடையாது. பார்வையற்றவருக்கு வாசிப்பவர் அத்தனைக்கும் ஓசை கண்டுபிடித்தாக வேண்டும். மேற்கோள் தொடங்குமிடத்தில் குரலை ஒரு நூல் நகர்த்தி, முடியுமிடத்தில் பழைய தடத்துக்குத் திரும்ப வேண்டும். தவறினால் அமைச்சர் சொன்னது எது, நிருபர் எழுதியது எது என்று கேட்பவருக்கு விளங்காது. பத்தி முடிந்தால் ஒரு மூச்சு, செய்தியே முடிந்தால் இரண்டு. இந்த இரண்டாவது மூச்சை விட எனக்கு வெகுநாள் வரவில்லை.

எழுத்தின் சிக்கல் அதைவிடப் பெரியது. வலிக்கும் வழிக்கும் உள்ள வேறுபாடு கண்ணால் படிப்பவருக்குத் தாளிலேயே கிடைத்துவிடும். கேட்பவருக்கு அது வாசிப்பவரின் நாக்கில்தான் இருக்கிறது. பேராவில் இன்னொரு தொல்லையும் உண்டு. மலாய் ஊர்ப்பெயர்களின் வல்லொலியும் மெல்லிய அதிரொலியும் தமிழில் ஒரே எழுத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. பாரிட் புந்தார் என்ற ஒரே பெயரில் இரண்டு 'ப'வும் இரண்டு விதம்: முதலாவது நம் 'பழம்', அடுத்தது 'பாக்கியம்' என்று நாம் சொல்லும்போது உதடு அதிருமே, அது. ஒருமுறை பத்து காஜா என்பதை ஒன்பதுக்கு அடுத்த பத்தாகவே வாசித்துவிட்டேன்.

"பத்துன்னா கல்லுடா. கல்லு, யானை. எண்ணு இல்ல."

மலாயில் பத்து என்றால் கல், காஜா என்றால் யானை. தமிழ் வாசிக்கும் கணினிக் குரல்களைச் சித்தப்பா வெறுப்பதில்லை. அவசரத்துக்கு நல்லது என்பார். ஆனால் அந்தக் குரலும் எண்ணைத்தான் சொல்லும். கிந்தாவில் பஸ் ஏறி இறங்கியவரால்தான் அங்கே கல்லைச் சொல்ல முடியும்.

இப்படிப் பார்வையற்றவர்களுக்கு வாசிப்பதற்கென்றே ஒரு வானொலியைத் தொடங்கியவர் சி. ஸ்டான்லி பாட்டர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பார்வையற்றோருக்கான அரசுச் சேவைக்குத் தலைமை வகித்தவர். 1969 ஜனவரி 2ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பமானது. வழக்கமான எஃப்.எம். அலையின் மேல் ஒரு துணையலையாக ஏறி வந்ததால் சாதாரண ரேடியோவில் அது கேட்காது. தனிப்பெட்டி வேண்டும்; நேயர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். வாசித்தவர்கள் தன்னார்வலர்கள். அதைப் பார்த்து எழுந்த நிலையங்கள் அன்றைய பேப்பரை அன்றே வாசித்தன. மளிகைக்கடையின் மலிவு விற்பனை விளம்பரத்தையும் மரண அறிவிப்பையும்கூட விடாமல் வாசித்தன. அந்த நிலையங்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது இதனால்தான். எந்தக் கடையில் கோழி மலிவு என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்காமலே ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களே!

இதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, 1865 வாக்கில், ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வாசகரை அமர்த்திக்கொண்டார்கள். கை புகையிலையைச் சுருட்ட, காது பத்திரிகையும் நாவலும் கேட்டது. இதைச் சொன்னபோது சித்தப்பா, "வெட்டும்போது யாரும் படிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

நம் நாட்டில் 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம், பிரிக்ஃபீல்ட்ஸில், பேசும் புத்தகங்களை இரவல் தருகிறது. பார்வையற்றோருக்கான புத்தகங்களுக்குப் பதிப்புரிமைத் தடையை விலக்கும் 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022இல் சேர்ந்தது. கதவு திறந்தாயிற்று. தோட்டத்துத் தமிழும் மலாய் ஊர்ப்பெயரும் பழகிய குரல்கள் இனி உள்ளே போக வேண்டும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் யோசிப்பார்கள் என்று ஆசைப்படுகிறேன்.

அரசியலும் விளையாட்டும் முடிந்ததும் சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மரண அறிவிப்புப் பக்கம். முதலில் படம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்: வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சிரிக்கவில்லை. பிறகு பெயர், வயது, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். ஒரு பெயரும் விடக்கூடாது. ஆரம்பத்தில் நான் இந்தப் பக்கத்துக்கென்று குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ அழுவாத. நான் அழுதுக்கிறேன்."

அன்றிலிருந்து மரணத்தையும் வானிலையையும் ஒரே குரலில்தான் வாசிக்கிறேன். இத்தனை வருஷத்தில் வாசிப்பைப் பற்றி நான் கேட்ட பேச்சில் இதுதான் ஆகப் பெரியது.

"எந்தத் தோட்டம்?" இது எப்போதும் வரும் கேள்வி. எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, ஆட்கள் தாமான்களுக்குக் குடிபோன பிறகும் தோட்டத்துப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பலகைகளிலும் இந்தப் பக்கத்திலும் நிற்கின்றன. போன வாரம் ஒரு பெயரைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வயதையும் வாசித்தேன்.

"எனக்குப் பக்கத்து நெரை" என்றார். இரண்டு மூச்சு விட்டேன். அவரும் பேசவில்லை.

"ம். அடுத்தது படி."