ஃபைல் மேனேஜர் 6.8: ஒரு ப்ளகினைப் பிரித்துப் பார்த்தால்…

வேர்ட்பிரஸ் தளத்தின் கோப்புகளைப் பார்க்க, நகர்த்த, அழிக்கத் தனி மென்பொருள் வேண்டாம். நிர்வாகப் பக்கத்திலேயே எல்லாம் முடியும். ‘ஃபைல் மேனேஜர்’ ப்ளகின் தரும் வசதி இதுதான். 2020 செப்டம்பரில் அது 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்தது. இழுத்துப் போட்டால் கோப்பு ஏறும், ஒரு சொடுக்கில் ஜிப் ஆகும். பயன்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ப்ளகினின் பாதுகாப்பை எடைபோடப் பழக விரும்புவோருக்கு, அதன் 6.8 பதிப்பைப் போல எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கற்றுக்கொடுக்கும் உதாரணம் கிடைப்பது அரிது.

இணையத் தொடர்பில்லாத கணினியில் அதன் ஜிப்பைப் பிரித்ததும் தெரிவது, கோப்புகளைக் காட்டுவதும் ஏற்றுவதும் ப்ளகினின் சொந்தச் சரக்கல்ல என்பது. ‘எல்ஃபைண்டர்’ என்ற திறமூலத் தொகுப்புதான் அந்த வேலையைச் செய்கிறது. இரவல் நிரலில் தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். எல்ஃபைண்டரோடு ‘கனெக்டர் மினிமல்’ என்று ஒரு மாதிரிக் கோப்பும் வரும். அதன் பெயரின் வாலில் ‘டிஸ்ட்’ என்ற ஒட்டு இருக்கும்வரை சர்வர் அதை பிஎச்பி நிரலாக ஓட்டாது. யாரை உள்ளே விடுவது என்ற சோதனையைச் சேர்த்துவிட்டு, பிறகு அந்த ஒட்டை எடுப்பதுதான் முறை. ஃபைல் மேனேஜரில் ஒட்டு போய்விட்டது. சோதனை சேரவே இல்லை.

ஆகவே லாகின் செய்யாத எவரும் அந்தக் கோப்பின் முகவரிக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பி, ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றி, அதை ஓடவும் விடலாம். தளம் அவர் கைக்குப் போய்விடும். ஃபின்லாந்தின் செராவோ நிறுவனம் இந்தத் தாக்குதலைக் கவனித்துச் சொன்னது செப்டம்பர் 1 அன்று, அன்றைக்கே 6.9 வந்தது. அந்தக் கோப்பையே தூக்கிவிட்டதுதான் திருத்தம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உள்ளே புகுந்த சிலர், போட்டிக் கும்பல் நுழையாதிருக்க அதே கோப்புக்குக் கடவுச்சொல் போட்டார்கள். ப்ளகினை எழுதியவர்கள் மறந்த பூட்டைத் திருடர்கள் போட்டார்கள்!

‘டியாக்டிவேட்’ செய்திருந்தால் தப்பியிருக்கலாமா? முடியாது. அந்தப் பொத்தானை அழுத்தினால் வேர்ட்பிரஸ் ப்ளகினை அழைப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். கோப்பு சர்வரிலேயே கிடக்கும். இந்தக் கோப்போ வேர்ட்பிரஸின் தயவே இல்லாமல் ஓடக்கூடியது.

எனவே சின்ன ப்ளகின் ஒன்றைக் கையில் எடுத்தால், நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கும் முன் கோப்புகளைத் திறப்பதே மேல். தனியாக அழைத்தால் ஓடக்கூடிய கோப்பு ஏதும் இருக்கிறதா? பொறுப்பாக எழுதப்பட்ட ப்ளகின்களில், வேர்ட்பிரஸ் வழியே வராத அழைப்பை முதல் வரியிலேயே மறித்துவிடுவார்கள். அடுத்து, ‘நோபிரிவ்’ என்ற சொல்லைத் தேட வேண்டும். லாகின் இல்லாதவரும் தூண்டக்கூடிய செயல்களில் அது வரும். தொடர்புப் படிவத்துக்கு அது தேவைதான். தளத்தின் அமைப்புகளை மாற்றும் இடத்தில் அதைக் கண்டால் அந்த ப்ளகினை மூடிவைத்துவிடலாம். பலரைக் கவிழ்த்த இன்னொன்று ‘இஸ் அட்மின்’. கேட்பவர் நிர்வாகியா என்று அது பார்ப்பதே இல்லை. கோரிக்கை நிர்வாகப் பகுதியை நோக்கி வந்ததா என்று மட்டும் பார்க்கும். அஜாக்ஸ் வழியாக வரும் முகம் தெரியாதவருக்கும் ‘ஆம்’ என்றே பதில் கிடைக்கும். அனுமதியைச் சோதிப்பது ‘கரன்ட் யூசர் கேன்’. அது இல்லாத இடத்தில் ‘இஸ் அட்மின்’ மட்டும் நின்றால் காவலே இல்லை என்று பொருள்.

பெரிய ப்ளகினாக இருந்தால் நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. 50 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்த லைட்ஸ்பீட் கேஷ், தன் உள்வேலைக்கு ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்கிக்கொண்டது. கடிகாரத்தின் மைக்ரோ விநாடிப் பகுதியை மட்டும் விதையாக வைத்ததால், வரக்கூடிய குறியீடுகள் 10 லட்சம்தான். ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் நிரலுக்கு அது ஒரு எண்ணே அல்ல. 2024 ஆகஸ்டில் இது வெளிப்பட்டது, 6.4 பதிப்பில் சரிசெய்தார்கள்.

ஒருமுறை படித்துத் தேறிய ப்ளகினும் நாளைக்கே மாறலாம். 2 லட்சம் தளங்களில் இருந்த டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் 2017-இல் 15,000 டாலருக்குக் கைமாறியது. புதிய உரிமையாளரின் பதிப்பு தளங்களில் விளம்பரக் குப்பையைச் செருகியது. லாகின் செய்தவர் கண்ணில் படாதபடி மறைக்கவும் செய்தது. தளத்துக்குச் சொந்தக்காரரே கடைசியில்தான் அறிவார்! வேர்ட்பிரஸ் கிடங்கிலிருந்து நான்கு முறை நீக்கிய பிறகே அது ஒழிந்தது. 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தரும் தானியங்கிப் புதுப்பிப்பு, ஃபைல் மேனேஜர் விவகாரத்தில் மருந்து. இங்கே அதுவே நோயைக் கொண்டுவரும் வழி. ஆனாலும் ஓட்டை வெளியான சில மணி நேரத்தில் தாக்குதல் தொடங்கும் காலத்தில், புதுப்பிப்பை இயக்கி வைப்பதே புத்திசாலித்தனம். உரிமையாளர் பெயர் மாறுகிறதா என்று மட்டும் கண் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய ஃபைல் மேனேஜரில் அந்தக் கோப்பு இல்லை. அப்படியிருந்தும், ஓடும் தளத்தில் அதை நிரந்தரமாக வைத்திருக்கக் காரணம் தெரியவில்லை. ஹோஸ்டிங் பேனலோ எஸ்எஃப்டிபியோ அதே வேலையைச் செய்யும். 6.8 ஓடிய பழைய தளம் கைக்கு வந்தால் புதுப்பித்தால் மட்டும் போதாது. ப்ளகினின் ‘லிப்’ கோப்புறைக்குள் ‘ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் ‘ஹார்ட்ஃபோர்க்’ போன்ற பெயரில் பிஎச்பி கோப்பு கிடந்தால், தளத்தைத் துடைத்து 2020 செப்டம்பருக்கு முந்தைய காப்புப் பிரதியிலிருந்து மீட்க வேண்டும். டேட்டாபேஸ் உட்பட எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.